தொப்பி வைத்த தாம்சன்

தாம்சன் என்ற பெயருள்ள யாராவது உலகத்தில் எங்கேயாவது தடுக்கி விழுந்தால் என் முதலாளிக்குத் தகவல் வந்துவிடும். அவரும் ஒரு தாம்சன்தான். ரப்பர் கம்பெனியில் கணக்கராக இங்கிலாந்திலிருந்து மலேசியாவுக்கு வந்து, ஓய்வு பெற்ற பிறகும் ஊர் திரும்ப மனமில்லாமல் கிள்ளானிலேயே தங்கிவிட்ட வெள்ளைக்காரர். தாம்சன்களுக்கென்று உலகம் முழுக்க ஒரு சங்கம் இருக்கிறது. அதற்கு அவர் செயலாளர். நான் அவரிடம் பத்தொன்பது வருடம் அச்சுப் பிழை திருத்துபவளாக இருந்தேன்.

சங்கம் ஒரு புத்தகம் போடுவதென்று முடிவாயிற்று. தாம்சன் என்று பெயர் வைத்த மனிதர்கள், பொருள்கள், இடங்கள் எல்லாம் அகர வரிசையில். அதைத் திருத்தித் திருத்தி எனக்குக் கண் பூத்துவிட்டது. கனடாவில் ஓர் ஆறு. விதையில்லாத ஒரு திராட்சை. ஒரு துப்பாக்கி. பெரிய முட்டைகோஸ் வளர்த்துப் பரிசு வாங்கிய ஒருவர். இரண்டு பாதிரியார்கள். ஒரு கொலைகாரர், பாதிரியார்கள் இரண்டு பேரையும் சேர்த்தாலும் அவருக்குத்தான் பக்கம் அதிகம்.

அச்சு வேலையைச் சிவகாசிக்குக் கொடுத்திருந்தோம். கடைசிப் புரூஃபை நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட ஒரு ஆள் போக வேண்டும். அந்த நேரம் பார்த்து முதலாளி இணையத்தில் ஒரு பட்டாசு லேபிளைக் கண்டுபிடித்துவிட்டார். தொப்பியும் முறுக்கு மீசையுமாக ஒரு வெள்ளைக்காரர் முகம், கீழே சிவப்பு எழுத்தில் தாம்சன். சிவகாசிக்குப் பக்கத்தில் எம். புதுப்பட்டியில் தயாரிக்கும் வெடி. "யாரோ ஓர் ஆங்கிலேய ரசாயன வல்லுநர் அந்த மக்களுக்கு இந்தத் தொழிலைக் கற்றுக் கொடுத்திருக்க வேண்டும். நன்றியோடு அவர் முகத்தைப் போட்டிருக்கிறார்கள்" என்று அவரே ஒரு பத்தி எழுதிவிட்டார். அது உண்மைதானா என்று விசாரித்து வருவது என் வேலை. எழுதிய பிறகு விசாரிப்பது எங்கள் சங்கத்தின் வழக்கம்.

*

மதுரையில் விமானம் இறங்கி விருதுநகருக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம். விடுதியின் பெயரில் 'இன்டர்நேஷனல்' இருந்தது. அறையில் இருந்த வெளிநாட்டுச் சரக்கு நான் ஒருத்திதான். குழாயில் சுடுதண்ணீர் கேட்டேன். "வெயில்ல டேங்கு கொதிச்சுப் போய்க் கெடக்கு மேடம், பச்சத் தண்ணிதான் கிடைக்காது" என்றார் வரவேற்பில் இருந்தவர். திறந்து பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

இந்த ஊர் புரோட்டாவைப் பற்றி விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு மணி நேரம் பேசியிருந்தார். எங்கள் ஊர் ரொட்டி சானாயைத் தட்டில் வைத்தால் காற்றுக்குப் பறக்கும். இங்கே புரோட்டாவை எண்ணெய்க்குள் முக்கிப் பொரித்து எடுக்கிறார்கள். கையில் எடுத்தால் எடை தெரிகிறது. சால்னாவை ஊற்றிவிட்டுப் பரிமாறியவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பாராட்டை எதிர்பார்க்கிறார் என்று தெரிந்தது. நான் கொடுக்கவில்லை. இன்னும் இரண்டு மட்டும் வாங்கிச் சாப்பிட்டேன்.

*

மறுநாள் சிவகாசி. வாடகைக் கார் பிடித்துப் போனேன். மழை பெய்யாததையே முதலீடாக வைத்து ஓர் ஊர் பிழைக்கிறது என்பதை அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும். வழி நெடுகக் காலண்டர் கடைகள். ஒரே பலகையில் முருகனும் நடிகரும் நாய்க்குட்டியும் ஒரே புன்னகையோடு இருக்கிறார்கள்.

அச்சகத்து மேலாளர் சங்கரன் ஐம்பது வயதுக்காரர். சட்டைப் பையில் நான்கு பேனா வைத்திருந்தார், ஆனால் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. புரூஃபைப் புரட்டிக்கொண்டே நான் லேபிள் படத்தை எடுத்துக் காட்டினேன்.

"இதா? இது நாங்க அடிச்சதுதான்" என்றார்.

"இந்த முகம் யாருடையது?"

"பழைய வெளிநாட்டுப் பத்திரிகை ஒண்ணு கிடந்துச்சு மேடம். அதுல சவரக் கத்தி விளம்பரம். அதுல இருந்து எடுத்தோம். மீசை மட்டும் நம்ம ஆர்ட்டிஸ்ட் போட்டாரு. மீசை இல்லைன்னா வெடிக்கு ஒரு கெத்து இல்லைல்ல?"

சவரக் கத்தி விளம்பரத்து ஆளுக்கு மீசை வைத்த ஊர் இது. முதலாளியின் ரசாயன வல்லுநர் அந்த நிமிடமே செத்துப்போனார். "அப்படியென்றால் தாம்சன் என்று எதற்குப் பெயர் வைத்தார்கள்?" என்று கேட்டேன். சங்கரனின் பார்வை சட்டென்று புரூஃபுக்குள் போய்விட்டது. "அதை ஃபாக்டரி ஓனர்கிட்டதான் கேக்கணும். அவுக நமக்கு வருசம் பூரா லேபிள் ஆர்டர் குடுக்கறவுக" என்றார்.

*

தொழிற்சாலை முதலாளி காலை எட்டு மணிக்கு அலுவலகத்தில் இருப்பார் என்றார்கள். மூன்றாம் நாள் விடிந்ததும் கிளம்பினோம். சிவகாசியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கார் இருமியது, பிறகு நின்றது. ஓட்டுநர் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். பார்த்துவிட்டு ஒரு பீடியைப் பற்ற வைத்தார். பழுது பார்த்தது அவ்வளவுதான். நிற்க நிழல் என்று ஒரு வேலிக்கருவை இருந்தது. அதன் நிழலைவிட முள் அதிகம்.

அந்த வழியாகப் பெண் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் வந்து நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். ஒரு பக்கக் கன்னமும் காதும் உருகி ஒட்டினாற்போல் இருந்தன. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டதை அவர் கவனித்துவிட்டார்.

"எங்கன போகணும்?"

பட்டாசுத் தொழிற்சாலையின் பெயரைச் சொன்னேன்.

"ஏறுங்க. அங்கனதான் போறோம்."

பன்னிரண்டு பேர் உட்காரும் வண்டியில் இருபது பெண்களுக்கு மேல் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு தூக்குவாளி. ஒரு பெரிய அம்மாள் தன் மடியைக் கொஞ்சம் ஒதுக்கி எனக்கு இடம் உண்டாக்கினார். அவர் பெயர் பேச்சியம்மா என்று பிறகு தெரிந்தது. மரியாதைக்காக, "எல்லாரும் பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டை அப்படித்தான் கேட்போம். வண்டியே சிரித்தது. "பசியாறவா? பசி எங்கத்தா ஆறுது" என்றார் பேச்சியம்மா. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. தமிழ் பேசியதற்காக என்னைப் பார்த்து இதுவரை யாரும் சிரித்ததில்லை.

என்ன வேலையாக வந்தேன் என்று கேட்டார்கள். தாம்சன் வெடியில் இருக்கும் வெள்ளைக்காரரைப் பற்றி விசாரிக்க வந்தேன் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. பெண்கள் எல்லாரும் முன்னால் பார்த்தார்கள்.

"தாம்சண்ணே, ஒன்னையத்தான் தேடி வந்திருக்காகளாம்" என்றார் பேச்சியம்மா.

ஓட்டுநர் திரும்பவில்லை. "மலேசியாவுல வேற வேலை இல்லியாக்கா ஒங்களுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

என்னைக் கிண்டல் செய்கிறார்கள் என்றே நினைத்தேன்.

*

தொழிற்சாலை வாசலிலேயே அலுவலகம். அதற்குமேல் வெளியாளை விடமாட்டார்கள். பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, உரசிப் பொறி கிளப்பும் கொண்டை ஊசி ஏதும் இல்லை என்று தலையைத் தடவிக் காட்டிவிட்டு உள்ளே போனார்கள். ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிச் சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கமும் கதவு. இவ்வளவு கதவு வைத்த வீட்டை நான் பார்த்ததில்லை. ஏன் என்று யோசித்த பிறகு அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

முதலாளி நிலபுலம் உள்ள குடும்பத்துக்காரர், வெள்ளை வேட்டி, நல்ல உபசாரம். எனக்குக் குளிர்ந்த சோடாவும் சாத்தூர் சேவும் வந்தன. சேவு நன்றாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"தாம்சனா? அந்தக் காலத்து வெள்ளைக்காரர்மா. பெரிய விஞ்ஞானி. எங்க தாத்தாவுக்குச் சிநேகிதர்."

"எந்த ஊர்க்காரர்?"

"லண்டன்."

கொஞ்ச நேரம் கழித்து அதே தாம்சன் ரயில்வே அதிகாரி ஆனார். சோடா தீரும்போது கப்பல் கேப்டனாகியிருந்தார். ஒரு தட்டுச் சேவு முடிவதற்குள் மூன்று வேலை பார்த்த ஆளை நான் இதற்குமுன் சந்தித்ததில்லை.

"உங்கள் வேன் ஓட்டுநரைக்கூடத் தாம்சன் என்று கூப்பிடுகிறார்களே?" என்றேன்.

"அவனா?" என்றார். "அது சும்மா, பேரு ஒத்துப்போச்சு." பிறகு எழுந்து நின்று கும்பிட்டார். நானும் எழுந்தேன்.

*

என் கார் இன்னும் அதே இடத்தில் பீடிப் புகைக்குள் நின்றுகொண்டிருந்தது. வேனுக்கு டயர் மாற்றச் சிவகாசிக்குப் போவதாகச் சொன்ன ஓட்டுநர் என்னை ஏற்றிக்கொண்டார். இந்த முறை வண்டியில் நாங்கள் இருவர்தான். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த வலது கையில் இரண்டு விரல்கள் ஒட்டிப்போயிருந்தன.

ஒரு டீக்கடையில் நிறுத்தினார். கிளாஸை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து எடுத்தார்.

"முதலாளி என்ன சொன்னாரு? விஞ்ஞானியா, கப்பலா?"

"இரண்டும். நடுவில் ரயில்வேயும் வந்தது."

முதல் தடவையாகச் சிரித்தார். உதட்டின் ஒரு பக்கம்தான் அசைந்தது. ஓட்டுநர் உரிமத்தை எடுத்து மேசையில் போட்டார். ஆங்கிலத்தில் தாம்சன் என்று இருந்தது, நம் ஆட்கள் காதில் கேட்டபடி எழுதும் எழுத்துக்கூட்டலில்.

"எங்க அய்யா கூலி வேலை. நான் பிறந்தப்ப ஆத்தா பொழைக்காதுன்னுட்டாக. ஒரு டாக்டரு காப்பாத்தி விட்டாரு. அவரு பேரு தாம்சன். அந்தப் பேரை எனக்கு வச்சுட்டாரு எங்க அய்யா."

"அவர் வெள்ளைக்காரரா?" என்று கேட்டுவிட்டேன். பத்தொன்பது வருடப் பழக்கம்.

"நாசரேத்துக்காரருக்கா. என்னைய விடக் கறுப்பு."

பிறகு அவராகவே சொன்னார். அப்போது அவர் அந்தத் தொழிற்சாலையில் மருந்து கலக்குபவர். வெடிக்குள் போடும் பொடியைத்தான் அங்கே மருந்து என்கிறார்கள். ஒரு நாள் தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்தபோது பக்கத்து அறையில் தீப்பிடித்தது. உள்ளே நான்கு பெண்கள்.

"மூணு பேரைத் தூக்கி வெளிய போட்டேன். பேச்சியம்மா அதுல ஒண்ணு. கடைசி ஜெயா. கதவுகிட்ட வந்துட்டா. கையைப் பிடிச்சுட்டேன். பிடிச்ச கை வழுக்கிருச்சு."

டீயைக் கீழே வைத்தார். நானும் வைத்தேன்.

"ஆஸ்பத்திரில இருந்து வந்தப்ப முதலாளி கூப்பிட்டுப் புது வெடியைக் காட்டுனாரு. 'ஒம் பேரைத்தான்லே வச்சிருக்கேன்'னாரு. சரி, அந்தத் தொப்பிக்காரன் யாருன்னு கேட்டேன். 'ஒம் மூஞ்சியப் போட்டா பிள்ளைக பயந்துக்கிடும்லே'ன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். என்ன செய்ய? தீபாவளி வந்தா தெருவுல பிள்ளைக சத்தம் போடுது, 'தாம்சனைக் கொளுத்துடா, தாம்சனைக் கொளுத்துடா'ன்னு. எம் மக கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்துக்கிடுவா."

புத்தகத்தில் அவரைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன்.

"வேண்டாம்" என்று எழுந்துவிட்டார். டீக்குக் காசு கொடுக்க என்னை விடவில்லை.

*

விடுதிக்கு வந்ததும் கிள்ளானில் இருந்த என் முதலாளிக்கு போன் செய்தேன். விஞ்ஞானி, ரயில்வே, கேப்டன் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆவலோடு குறித்துக்கொண்டார். பிறகு உண்மையைச் சொன்னேன். அமைதியாகக் கேட்டார். மனிதர் உருகிவிட்டார் என்று நினைத்தேன்.

"பெயரை எப்படி எழுதுகிறார்?" என்று கேட்டார்.

உரிமத்தில் இருந்தபடி எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.

"பி இல்லையே" என்றார்.

சங்கத்தின் விதி அது. தாம்சன் என்பதை ஆங்கிலத்தில் பி போட்டும் எழுதலாம், போடாமலும் எழுதலாம். எங்கள் சங்கம் பி போட்டவர்களுடையது. பி இல்லாதவர்களுக்கு வேறு சங்கம் இருக்கிறது, அவர்களோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. நோபல் பரிசு வாங்கினாலும் பி இல்லாவிட்டால் எங்கள் வாசலைத் தாண்ட முடியாது.

"அந்த மனிதருக்காக வருந்துகிறேன்" என்றார் முதலாளி. "ஆனால் லேபிளில் பி இருக்கிறது, பார்த்தாயா? லேபிளைப் போட்டுவிடு. விஞ்ஞானி என்றே வைத்துக்கொள்வோம்."

சவரக் கத்தி விளம்பரத்துக்கு உள்ளே இடம் உண்டு. தீக்குள் போய் வந்தவருக்கு இல்லை. போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். இந்த ஊரின் எண்ணெயையும் வெயிலையும் மூன்று நாளாக ஏளனம் செய்துகொண்டிருந்தேனே, இத்தனை வருடம் நான் என்ன வேலை பார்த்தேன்? பொய்களில் எழுத்துப் பிழை இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

*

நான்காம் நாள் காலையில் அதே வேலிக்கருவைக்குப் பக்கத்தில் நின்றேன். இந்த முறை கார் பழுதாகவில்லை. வேன் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"தொப்பிக்காரரைப் போடச் சொல்லிவிட்டார்கள். நீங்கள் சம்மதித்தால் அந்த இடத்தில் உங்களைப் போட்டுவிடுவேன்" என்று தாம்சனிடம் சொன்னேன். "இரண்டில் ஒன்றுதான். இன்றைக்கு நான் கையெழுத்துப் போட வேண்டும்."

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து பேச்சியம்மா, "போடச் சொல்லுண்ணே. சவத்துப் பய அந்தத் தொப்பிக்காரன், எத்தனை வருசம்தான் ஒம் பேருல உக்காந்திருப்பான்?" என்றார்.

"முதலாளிக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டும். இந்த ரோட்டுல இம்புட்டு ஆளை ஏத்திக்கிட்டு ஓட்ட வேற எவன் வருவான்?"

பிறகு தாம்சன் என் பக்கம் திரும்பினார்.

"எம் பேரைப் போட்டா ஜெயா பேரையும் போடணும். சும்மா நாலு பொம்பளைகன்னு எழுதிறக் கூடாது. பேரு. ஜெயலட்சுமி."

"போடுகிறேன்."

"அப்ப நாங்க எல்லாம் இந்த வண்டியிலதான் வேலைக்கு வருவோம். ஜெயா இந்தா, இங்கனதான் உக்காருவா" என்று முன்னிருக்கையைக் காட்டினார்.

படம் எடுக்கச் சம்மதித்தார். முகத்தின் நல்ல பக்கத்தைத் திருப்பச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவரே நேராகப் பார்த்து உட்கார்ந்தார். எடுத்த படத்தில் பேச்சியம்மாவின் முழங்கையும் விழுந்துவிட்டது. நேரமாகிறது என்று வண்டி கிளம்பிப் போயிற்று.

அச்சகத்தில் லேபிள் இருந்த பக்கத்தை நீக்கிவிட்டுப் புதிதாக எழுதினேன். அரைப் பக்கம். உரிமத்தில் இருந்த எழுத்தையே வைத்தேன். சங்கரன் படித்துப் பார்த்துவிட்டு நான்கு பேனாவையும் ஒரு முறை தொட்டுக்கொண்டார்.

"மேடம், ஓனர் பாத்தா எங்க ஆர்டர் போயிரும்."

"ஓனர் தாம்சன் சங்கத்துப் புத்தகத்தைப் படிப்பாரா?"

"மாட்டாரு" என்றார். யோசித்தார். "நான் இதைப் படிக்கல. நீங்க கையெழுத்துப் போட்டா மிஷின்ல ஏத்திருவோம்."

போட்டேன். பேனா அவருடையதுதான்.

*

புத்தகம் கப்பலில் கிள்ளானுக்கு வந்தது. முதலாளி அந்தப் பக்கத்தைத் திறந்து இரண்டு முறை படித்தார். கோபமாகப் பேசத் தெரியாத மனிதர். மாதக் கடைசியோடு என் சேவை தேவைப்படாது என்று மிக மரியாதையாக ஒரு கடிதம் கொடுத்தார். அதில் ஒரு பிழை இருந்தது. திருத்தாமல் வாங்கிக்கொண்டேன். பி இல்லாத ஆளைச் சேர்த்ததற்காக மூன்று உறுப்பினர்கள் கண்டனம் எழுதியிருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். கொலைகாரரைப் பற்றி ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை.

சங்கரனிடம் எம். புதுப்பட்டிக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல்லியிருந்தேன். போன வாரம் தாம்சன் கூப்பிட்டார். தொழிற்சாலை முதலாளிக்கு எப்படியோ சேதி போய்விட்டதாம். ஒரு வாரம் வேன் சாவியை வாங்கி வைத்துக்கொண்டாராம். வேறு ஆள் கிடைக்காமல் அவரே திருப்பிக் கொடுத்தாராம். வெடியின் மேல் தொப்பிக்காரர் இன்னும் அப்படியேதான் இருக்கிறார்.

"புத்தகம் படிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"எனக்கு எங்க இங்கிலீசு தெரியும்? எம் மக காலேசுக்குப் போறவ, காலையில வண்டியில ஏறுவா. அவதான் எல்லாருக்கும் கேக்க வாசிச்சு, தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தா. ஜெயா பேரு வந்துச்சுல்ல, அங்கன பேச்சியம்மா 'வண்டிய நிறுத்துண்ணே'ன்னுச்சு. நிறுத்திட்டேன்."

"பிறகு?"

"ஒண்ணுமில்ல. ரோட்டோரமா நின்னோம். ஒருத்தியும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சுப் பேச்சியம்மாவே, 'சரி போ, கேட்டைச் சாத்திருவாக'ன்னுச்சு. எடுத்துட்டேன்."